ரயிலடிக் கேள்விகள்: குடும்பத்தோடு ஒரு நாள், பழைய எஞ்சின்களோடு

(நீராவி எஞ்சினில் ஃபயர்மேனாக, அதாவது அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுபவராகச் சேர்ந்து, டிரைவராக ஓய்வுபெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். விடுமுறைக் காலம் என்பதால் இந்த முறை எல்லாமே ரயில் அருங்காட்சியகம் பற்றிய கேள்விகள்.)

கேள்வி: ஆறு வயது மகனையும் எழுபத்திரண்டு வயது மாமனாரையும் ரயில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போக ஆசை. எங்கே போகலாம்? அதிகம் நடக்க முடியாத பெரியவருக்கு ஒத்துவருமா?
– வாசகி, வேலூர்

பதில்: உங்களுக்குச் சென்னைதான் பக்கம். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி 2002-இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை, அன்று போய் ஏமாறாதீர்கள்.

தயவுசெய்து காரில் போகாதீர்கள், அம்மா. காட்பாடியில் ரயில் ஏறி, பெரம்பூரில் நிற்கிற வண்டியாகப் பார்த்துப் போங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் போகிற அந்தத் தடமே ஓர் அருங்காட்சியகம். 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. வழியில் வாலாஜா ரோடு ஸ்டேஷன் வரும்போது பையனுக்குப் பெயர்ப் பலகையைக் காட்டுங்கள். 1955-இல் நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப்.பில்தான் நாம் எல்லாரும் பல்லாண்டுகள் ஏறி இறங்கிய நீலப் பெட்டிகள் பிறந்தன. வந்தே பாரத் பிறந்ததும் அங்கேதான்.

காலையில் திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள். எஞ்சின்கள் வெட்டவெளியில் நிற்கின்றன. உச்சிவெயிலில் இரும்பு சுடும், குழந்தை கை வைக்க முடியாது. குட்டி ரயிலில் அவனை முதலிலேயே ஏற்றி இறக்கிவிடுங்கள். கடைசியில் பார்க்கலாம் என்றால் அவன் மனம் அங்கேயே சுற்றும், வேறு எதிலும் நிற்காது.

மாமனாருக்குக் குடையும் தண்ணீரும் போதும். அவரை ஒரு நிழலில் உட்காரவைத்து, பேரனைப் பக்கத்தில் விட்டு, "ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரி விழுமா தாத்தா?" என்று கேட்கச் சொல்லுங்கள். கரிவண்டியில் பயணம் செய்த தலைமுறை அவருடையது. அவர் சொல்லப்போவது எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது.

கேள்வி: போன வருடம் போனோம். எல்லா எஞ்சினும் கறுப்பு இரும்பாகவே தெரிந்தது. இருபது நிமிடத்தில் சுற்றி முடித்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டோம். அங்கே என்னதான் பார்ப்பது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனம் வலித்தது. உங்கள்மேல் குறை இல்லை ஐயா, யாரும் சொல்லித் தரவில்லை. எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். ஒரே ஒரு நீராவி எஞ்சினைத் தேர்ந்துகொண்டு அதோடு அரை மணி நேரம் இருங்கள்.

எல்லாரும் எஞ்சினின் முகத்தை முதலில் பார்க்கிறார்கள். நீங்கள் பின்னாலிருந்து தொடங்குங்கள். நெருப்பு போகிற திசை அதுதான். டிரைவர் நிற்கும் இடத்தில் அடுப்பின் வாய் இருக்கும். அங்கே எரியும் கரியின் அனலும் புகையும் கொதிகலனுக்குள் நீளவாக்கில் பதித்த குழாய்கள் வழியாக முன்பக்கம் ஓடும். குழாய்களைச் சுற்றிலும் தண்ணீர். வீட்டில் அடுப்பின்மேல் பானையை வைக்கிறோம். இங்கே அடுப்பின் அனலையே பானைக்குள் விட்டிருக்கிறார்கள்.

எழும் நீராவி, டிரைவர் கைப்பிடியைத் திறந்ததும் முன்சக்கரங்களுக்கு அருகே இரு புறமும் இருக்கும் உருளைகளுக்குப் போகும். உள்ளே இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். அதோடு பிணைத்த தண்டு சக்கரத்தைச் சுழற்றும். தண்டின்மேல் விரலை வைத்துச் சக்கரம் வரை நகர்த்திக்கொண்டே போங்கள், சொல்லாமலே புரிந்துவிடும். வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியாகப் பீறிட்டு வெளியேறும்போது புகையையும் சேர்த்து இழுத்துப் போகும். அந்த இழுப்பில் அடுப்புக்குக் காற்று கிடைக்கும். பாரம் கூடக் கூட நெருப்பு தானே கொழுந்துவிடும். 'குப் குப்' என்ற சத்தம் அதுதான். இரண்டு உருளை எஞ்சினில் பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு 'குப்'.

இப்போது மறுபடியும் பின்னால் வாருங்கள். அடுப்பு வாய்க்கு மேலே, விரல் பருமனில் செங்குத்தாக ஒரு கண்ணாடிக் குழாயைத் தேடுங்கள். கொதிகலனில் தண்ணீர் எவ்வளவு என்று காட்டுவது அது. ஃபயர்மேனாக இருந்த நாளெல்லாம் என் கை கரியிலும் கண் அந்தக் கண்ணாடியிலும்தான் இருந்தன. தண்ணீர் அதற்கும் கீழே இறங்கினால் அடுப்பின் கூரை காய்ந்து பழுத்துவிடும், கொதிகலனே வெடிக்கலாம். அதற்குக் காவலாகக் கூரையில் ஈயம் நிரப்பிய திருகு ஒன்று உண்டு. சூடு மிஞ்சினால் ஈயம் உருகி, நீராவி அடுப்புக்குள் சீறிக்கொண்டு இறங்கும். ஈயத்தை உருகவிட்டவன் என்ற பெயர் வாங்குவதைவிட ஒரு ஃபயர்மேனுக்கு வேறு அவமானம் இல்லை.

ஓர் அளவு நாடா எடுத்துப் போங்கள். அகலப் பாதை 1,676 மில்லி மீட்டர், மீட்டர் பாதை 1,000, மலைப்பக்கக் குறுகிய பாதை 762 அல்லது 610. பிள்ளைகளே அளந்து கண்டுபிடிக்கட்டும். நான் வேலை பார்த்த ஒய்.பி. என்ற மீட்டர் பாதை வகை எஞ்சினின் பெரிய சக்கரம் நாலரை அடி. பத்து வயதுப் பிள்ளையை அதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், ஏறக்குறையச் சரியாக இருக்கும்.

கேள்வி: அருங்காட்சியகத்தில் சிவப்புப் பெட்டி ஒன்றும், பக்கத்தில் ஓர் இரும்புப் பந்தும் பிரம்பு வளையமும் வைத்திருந்தார்கள். அவை எதற்கு?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: அந்தப் பந்துதான் அம்மா, ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு ரயில்கள் வந்துவிடக் கூடாது. அதற்காக அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் இப்படி ஒவ்வொரு பெட்டி. இரண்டுக்கும் நடுவே மின்கம்பித் தொடர்பு. அடுத்த ஸ்டேஷனின் மாஸ்டர் சம்மதித்தால்தான் இந்தப் பெட்டியிலிருந்து பந்து விழும். ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அதை இரண்டில் ஒரு பெட்டிக்குள் திரும்பப் போடும்வரை எந்தப் பக்கத்திலும் இன்னொரு பந்து வராது. பந்து கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது.

பந்தைத் தோல் பையில் போட்டு, வளையத்தில் கட்டி, பிளாட்பாரத்தில் ஒருவர் தூக்கிப் பிடித்து நிற்பார். நிற்காமல் போகிற வண்டியில் இருந்து கையை நீட்டி, வளையத்தைத் தோளில் வாங்க வேண்டும். இரவில் தீவட்டி வெளிச்சத்தில் வளையம் மட்டும் தெரியும், ஆள் தெரியாது. என் முழங்கைக்கு மேலே அந்த நாளின் தழும்பு இன்னும் இருக்கிறது.

கேள்வி: ஒரு திருமணத்துக்காகத் தில்லி போகிறோம். அரை நாள் கையில் இருக்கிறது. அங்குள்ள அருங்காட்சியகம் போகலாமா?
– வாசகர், கோவை

பதில்: அவசியம் போங்கள். சாணக்யபுரியில் இருக்கிறது, 1977-இல் திறந்தது. அங்கும் திங்கள் விடுமுறை. நேரே பட்டியாலா ஒற்றைத் தண்டவாள ரயிலிடம் போய்விடுங்கள். 1907-இல் ஓடத் தொடங்கியது. ஒரு பக்கச் சக்கரங்கள் தண்டவாளத்தின்மேல், மறுபக்கம் சாலையில் உருளும் ஒரு பெரிய சக்கரம். பாரம் பெரும்பாலும் தண்டவாளத்தின்மேல். சாலைச் சக்கரம் சாயாமல் தாங்குவதற்கு. இப்படியும் யோசித்திருக்கிறார்களே என்று நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

கேள்வி: மைசூர் அரண்மனையோடு ரயில் அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?
– வாசகி, சேலம்

பதில்: முடியும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது; 1979-இல் அமைத்தது. மகாராணியின் 1899-ஆம் ஆண்டுப் பெட்டியை விட்டுவிடாதீர்கள். சமையலறையும் சாப்பாட்டு இடமும் அதற்குள்ளேயே உண்டு.

கேள்வி: நீங்கள் வேலை பார்த்த எஞ்சினை எங்காவது காட்சியில் பார்த்தீர்களா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: இல்லை ஐயா. அது பழைய இரும்பாகப் போய்விட்டது. அதே வகை எஞ்சின் ஒன்றை ஓரிடத்தில் பார்த்தேன். பேத்தியும் கூட வந்திருந்தாள். காவலரிடம் அனுமதி கேட்டு மேலே ஏறினோம். பித்தளைக் குழாய்களின்மேல் வெள்ளி வண்ணம் பூசியிருந்தார்கள். கண்ணாடிக் குழாயைக் காணவில்லை. பித்தளையைத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்த்தவன் நான், அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அங்கிருந்த கருத்துப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதிவைத்து வந்தேன்.

எஞ்சினுக்கும் அதன் பின்னால் கரி ஏற்றிய பெட்டிக்கும் நடுவே ஓர் இரும்புத் தகடு இருக்கும். வண்டி ஓடும்போது அது காலடியில் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு காலை அதில் ஊன்றித்தான் கரி அள்ளிப் போடுவோம். "தாத்தா, நீங்கள் எங்கே நின்றீர்கள்?" என்று கேட்டாள். அந்தத் தகட்டைக் காட்டினேன். அதில் ஏறி நின்று, ஆட்டிப் பார்த்தாள். துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. அவள் இறங்கவில்லை, கரி எந்தப் பக்கம், அடுப்பு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு, வெறுங்கையால் அள்ளிப் போடத் தொடங்கினாள்.