ரஷ்யா இவ்வளவு பெரிய நாடு, மக்கள் மட்டும் ஏன் மேற்கிலேயே குவிந்திருக்கிறார்கள்?

பரப்பளவு சுமார் 1.7 கோடி சதுர கிலோமீட்டர், 11 நேர மண்டலங்கள். ஆனால் மக்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் யூரல் மலைக்கு மேற்கே, ஐரோப்பியப் பகுதியில்தான் வாழ்கிறார்கள். யூரல் ஒன்றும் கடக்க முடியாத சுவர் இல்லை, உயரம் குறைந்த பழைய மலைத்தொடர்தான். அப்புறம் என்ன தடை? நிலமும் குளிரும்.

நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட நிலத்துக்கு அடியில் மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது. யூரலுக்குக் கிழக்கே விரியும் சைபீரியாவில், யாகூத்ஸ்க் நகரில் கட்டடங்களைத் தூண்கள்மேல் தூக்கிக் கட்டுகிறார்கள். இல்லாவிட்டால் வீட்டின் சூட்டிலேயே அடிமண் இளகி, வீடு சாய்ந்துவிடும்.

சைபீரியாவின் ஆறுகளும் கைகொடுப்பதில்லை. ஓப், யெனிசெய், லேனா மூன்றும் வடக்கே ஆர்க்டிக் கடலுக்குத்தான் ஓடுகின்றன. வசந்தத்தில் தெற்கே பனி உருகித் தண்ணீர் பெருகும்போது வடக்கே ஆறு இன்னும் உறைந்திருக்கும். போக வழியில்லாமல் வெள்ளம் கரையேறும். (வேடிக்கையான அமைப்புதான், அங்கே வசிக்காதவர்களுக்கு!)

அதனால் சைபீரியாவிலும் ஜனங்கள் தெற்கு ஓரத்தையே பிடித்துக்கொண்டார்கள். மாஸ்கோவிலிருந்து விளாடிவஸ்தோக் வரை 9,289 கிலோமீட்டர் நீளும் ரயில் பாதையைப் பாருங்கள்: ஓம்ஸ்க், நோவோசிபிர்ஸ்க், கிராஸ்னயார்ஸ்க் எல்லாம் அதன்மேல்தான் இருக்கின்றன.