கேக்குக்கு எந்தச் சொக்லேட் வாங்குவது? குக்கிங் சொக்லேட், கூவெர்ச்சர், சிப்ஸ், கொக்கோ பவுடர் எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றில்லை. விலையைப் பார்க்க முதல் பைக்கற்றைத் திருப்பி, என்ன கொழுப்புப் போட்டிருக்கிறது என்று வாசியுங்கோ. கொக்கோ பட்டர் மட்டும் என்றால் அசல் சொக்லேட். பாம் கேர்னல் போன்ற தாவரக் கொழுப்பு என்றால் கொம்பவுண்ட். 'குக்கிங் சொக்லேட்' என்று விற்கும் கட்டிகள் கனக்க இந்த இரண்டாவது வகைதான்.

கொம்பவுண்ட் மோசம் என்று நான் சொல்லமாட்டன். கொக்கோ பட்டர் 34 பாகை செல்சியசை அண்டி உருகிவிடும். சித்திரை வெயிலில் எங்கட குசினிச் சூடே அதுக்குக் கிட்ட வரும். கேக்குக்கு மேல் பூச, அச்சில் வார்க்க, கொம்பவுண்டை உருக்கி ஊற்றினால் போதும், தானாக இறுகும். வாயில் மெழுகு மாதிரி ஒட்டுவதுதான் குறை.

கூவெர்ச்சர் என்பது கொக்கோ பட்டர் கூடிய அசல் சொக்லேட். குறைந்தது 31 வீதம் கொக்கோ பட்டர். பூச்சுக்குப் பாவித்தால் டெம்பர் பண்ணியே, அதாவது சூட்டை ஏற்றி இறக்கிப் பதப்படுத்தியே ஆகவேணும்: டார்க் என்றால் 45–50 பாகைக்கு உருக்கி, 27–28க்கு இறக்கி, திரும்ப 31–32க்கு ஏற்றவேணும். விட்டால் மினுக்கம் வராது, சாம்பல் பூத்துக் கையில் ஒட்டும். இதை ஏசி அறையில், இல்லாவிட்டால் விடியப்புறம் செய்யுங்கோ. மிச்சப்படுத்த நினைத்துக் கூவெர்ச்சரையும் கொம்பவுண்டையும் பாதிக்குப் பாதி கலக்கவேண்டாம். அந்தக் கொழுப்புகள் ஒத்துப்போகா. கலவை இறுகாமல் மெதுமெதுவென்று கிடக்கும்.

பிரவுனிக்கு அசல் டார்க்தான், டெம்பர் தேவையில்லை. பைக்கற்றில் போட்டிருக்கும் கொக்கோ வீதத்தைக் கவனியுங்கோ: 55 வீத டார்க்கில் மிச்சம் 45 வீதம் பெரும்பாலும் சீனி. குறிப்பில் 200 கிராம் 55 வீதம் என்றிருக்க நீங்கள் 70 வீதம் போட்டால் சீனி 30 கிராம் அளவில் குறையும். அதைத் தனியாகச் சேர்க்கவேணும். கண்டோஸ் மாதிரித் தின்னும் பால் சொக்லேட் போட்டால் இனிப்புத் திகட்டும், கொக்கோ வாசம் எடுபடாது.

சிப்ஸில் கொக்கோ பட்டர் குறைவு. பிஸ்கட்டில் உருவம் கலையாமல் நிற்கத்தான் அப்படி. உருக்கினால் தடிப்பாகவே இருக்கும், கனாஷுக்கு (கிரீமும் சொக்லேட்டும் சேர்த்த பூச்சு) உதவாது. கனாஷுக்கு 100 கிராம் கிரீமுக்கு 100 கிராம் டார்க் என்பது வழமை. இங்கத்தைச் சூட்டுக்கு 200 போட்டால்தான் கேக்கில் நிற்கும். வெள்ளைச் சொக்லேட் என்றால் 300.

கொக்கோ பவுடரிலும் இரண்டு: சாதாரணம் புளிப்புள்ளது, அப்பச்சோடாவோடு சேர்ந்து பொங்கும். டச்சு முறையில் காரப்பொருள் (அல்கலி) சேர்த்தது கறுப்பாக இருக்கும், புளிப்பு இல்லை. அதுக்கு பேக்கிங் பவுடர் வேணும். சோடா மட்டும் போட்டால் கேக் எழும்பாது, சவர்க்கார வாசமும் அடிக்கும்.

உருக்கும்போது கொதிநீர்ச் சட்டியின் ஆவி ஒரு சொட்டு விழுந்தாலே சொக்லேட் மணல்மாதிரித் திரண்டுவிடும். எறியாதேங்கோ. சுடுபாலைக் கரண்டி கரண்டியாக விட்டு அடித்தால் இளகிச் சோஸ் ஆகும். பூச்சுக்கு அது சரிவராது. ஐஸ்கிரீமுக்கு மேல் ஊற்றலாம்.