வெற்றிச் செய்தியைப் பார்த்து வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். செம்பனைக் குலை வெட்டப் போன அப்பாவின் மோட்டார் சைக்கிளை வெளி லாரி ஒன்று இடித்ததில் கால் முறிந்துவிட்டது. ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் நிறுவனம், ‘மேல்முறையீட்டில் வெற்றி’, ‘விருது’ என்று முகநூலில் அடிக்கடி போடுகிறது. நம்பிப் போகலாமா?

பதில்: போய்ப் பேசிப் பாருங்கள். விருதை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பணம் கட்டினால் கிடைக்கும் விருதுகளும் உண்டு.

வெற்றிச் செய்தியைத்தான் உற்றுப் படிக்க வேண்டும். கறுப்பு அங்கி, பின்னால் மேல்முறையீட்டு நீதிமன்றம் இருக்கும் புத்ராஜெயா கட்டடம், சிரித்த முகம். சரி, வழக்கு எண் எங்கே? எண் தெரிந்தால் நீதித்துறையின் இணையத்தளத்தில் தீர்ப்பைத் தேடலாம். ஜெயித்தது கம்பெனிக் கடன் வழக்கென்றால் அப்பாவின் காலுக்கு அதனால் என்ன லாபம்? விபத்து வழக்காகவே இருந்தாலும், யாருக்காக வாதாடினார்கள் என்று பாருங்கள். காப்புறுதி நிறுவனத்தின் பக்கம் நின்று, அடிபட்டவரின் இழப்பீட்டைக் குறைத்திருந்தால் அதுவும் அவர்கள் கணக்கில் வெற்றிதான்! அந்த லாரியின் காப்புறுதி நிறுவனத்துக்கும் இவர்களே வழக்கறிஞர்களா என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. சாலை விபத்து வழக்கு, தொகை எவ்வளவு பெரிதானாலும், கீழ் நீதிமன்றத்தில்தான் தொடங்கும்: சிறிய தொகை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், பெரிய தொகை என்றால் செஷன்ஸ் நீதிமன்றம். அங்கே லாரி ஓட்டுநரைக் குறுக்கு விசாரணை செய்யப்போவது படத்தில் சிரிப்பவரா, போன மாதம் சேர்ந்தவரா? இளையவர் வந்தால் தப்பில்லை, ஆள் யாரென்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு இந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் இருக்கிறதா என்பதையும் வழக்கறிஞர் மன்றத்தில் சரிபாருங்கள்.

‘ஜெயித்தால் 30 விழுக்காடு எங்களுக்கு’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் அப்படிப் பங்கு பேச விடுவதில்லை. மருத்துவமனைக் கட்டில் வரைக்கும் படிவத்தோடு வரும் ‘ரன்னர்’களிடம் (வழக்குப் பிடித்துத் தரும் தரகர்களிடம்) அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டாரா என்றும் விசாரியுங்கள். பல வழக்குகளில் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அவசரப்பட்டு ஆளைப் பிடிக்க வேண்டியதில்லை. மலேசியத் தீபகற்பத்தில் இந்த வழக்கைப் போட விபத்து நாளிலிருந்து 6 ஆண்டு அவகாசம் உண்டு. லாரி அரசாங்கத்துடையது என்றால் மட்டும் 36 மாதம்தான். அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள், சாட்சிகள் வேறு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள்.

அப்புறம், வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து என்பதால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவில் இப்போதே மனுச் செய்யுங்கள். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.