பைப்பில் எழுதினேன், எடை எங்கே போச்சு?

எம்கேஃபிஃபோ கட்டளை போட்டு, இரண்டு புரோகிராம்கள் தகவல் அனுப்பிக்கொள்ளும் பைப் உருவாக்கினேன். ஓபன் செய்ததும் புரோகிராம் அப்படியே நின்றுவிடுகிறது. பிழைச் செய்தியும் இல்லை.
– கல்லூரி மாணவி, அம்மாபேட்டை

உங்கள் கோடில் தப்பில்லை. படிக்கும் பக்கம் திறந்தால், எழுதும் பக்கம் யாராவது திறக்கும்வரை கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) காத்திருக்க வைக்கும். இன்னொரு டெர்மினலில் அதே பைப்புக்கு எக்கோ அனுப்பிப் பாருங்கள், உடனே நகரும். காத்திருக்க வேண்டாமென்றால் ஓபனில் ஓ_நான்பிளாக் என்ற ஆப்ஷனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுதும் பக்கத்தில் அதைப் போட்டால், படிக்க ஆளில்லாதபோது ஓபன் -1 தரும். பிழை எண் வைக்கும் எர்நோவில் ஈஎன்எக்ஸ்ஐஓ என்ற பிழை இருக்கும்.

கொலுசுப் பட்டறையில் எடை மெஷின் புரோகிராம் பைப்பில் எழுதுகிறது, பில் புரோகிராம் படிக்கிறது. முதல் எடை சரி. அப்புறம் ரீட் பூஜ்யமாகவே தருகிறது, சிபியு 100 சதவீதம் ஓடுகிறது. சில சமயம் எடையும் தப்பாக வருகிறது.
– செவ்வாய்ப்பேட்டை

இரண்டும் வேறு வேறு கோளாறு. பூஜ்யம் என்றால் எழுதுபவர்கள் எல்லாரும் மூடிவிட்டார்கள் என்று அர்த்தம். உங்கள் எடை புரோகிராம் ஒவ்வொரு எடைக்கும் திறந்து, எழுதி, மூடுகிறது. பலர் பைப்பை மூடி மறுபடி திறக்கச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன், அந்த இடைவெளியில் வந்த எடை தொலைந்து போகலாம். பில் புரோகிராமே படிக்கத் திறந்த கையோடு எழுதும் பக்கத்தையும் ஒருமுறை திறந்து சும்மா வைத்திருக்கட்டும். பூஜ்யம் வராது, அடுத்த எடைக்கு ரீட் அமைதியாகக் காத்திருக்கும்.

தப்பான எடைதான் எனக்குக் கவலை. ரீட் கடைசியில் நல் எழுத்தை, அதாவது எழுத்துகள் இங்கே முடிந்தன என்று காட்டும் குறியைச் சேர்க்காது. படித்ததை வைக்கும் பஃபரில் "112.450" இருக்க, அடுத்து "98" வந்தால், முதல் இரண்டு எழுத்து மட்டும் மாறி "982.450" ஆகிவிடும். 98 கிராம் கொலுசுக்கு அந்த பில் போனால் என்ன ஆகும்! ரீட் திருப்பித் தரும் எண்ணிக்கையைப் பார்த்து, அந்த இடத்தில் நல் எழுத்தை நீங்களே போடுங்கள். அதற்கு இடம்விட்டு, பஃபர் அளவில் ஒன்று குறைத்துக் கேளுங்கள். இரண்டு எடை ஒட்டிக்கொண்டும் வரலாம், ஒன்று பாதியிலும் நிற்கலாம். ஒவ்வொன்றின் முடிவிலும் நியூலைன் வைத்து, அதுவரை சேர்த்துப் பிரித்தெடுங்கள்.

மெஷின் இரண்டானாலும் பயமில்லை. பைப்_பஃப் என்ற வரம்பு அளவுக்குள், ஒரே ரைட்டில் எழுதினால் ஒன்றுக்குள் ஒன்று கலக்காது. லினக்ஸில் அது 4096 பைட், யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரம் குறைந்தபட்சமாக உறுதி தருவது 512.

காப்பித் தோட்ட ஆபீஸிலும் சேலத்திலும் நெட்வொர்க்கில் பகிர்ந்த ஒரே என்எஃப்எஸ் ஃபோல்டர். அதில் பைப் வைத்தால் மலையிலிருந்து கீழே தகவல் வருமா?
– ஏற்காடு

வராது. ஃபோல்டரில் இருப்பது பெயர் மட்டுமே, தகவல் அந்தந்த கம்ப்யூட்டரின் கெர்னல் மெமரியில் இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டருக்கும் இடையே நெட்வொர்க் வழியாகப் பேச சாக்கெட் எழுதுங்கள்.

ஜவ்வரிசி ஆலையில் பைப்பில் எழுதும் புரோகிராம் சத்தமில்லாமல் செத்துப்போகிறது.
– ஆத்தூர்

அது நின்றதும் ஷெல்லில் எக்ஸிட் எண்ணைப் பாருங்கள். சிக்னலால் செத்த புரோகிராமுக்கு ஷெல் 128-உடன் சிக்னல் எண்ணைக் கூட்டிக் காட்டும்; 141 என்றால் 128 + 13. லினக்ஸில் 13 என்பது சிக்பைப், படிக்க ஆளில்லாத பைப்பில் எழுதினால் வரும் சிக்னல். படிக்கும் புரோகிராம் மூடிய பிறகும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். தொடக்கத்திலேயே அந்த சிக்னலை இக்னோர் செய்துவிட்டால், ரைட் -1 தந்து எர்நோவில் ஈபைப் என்ற பிழையை வைக்கும். அப்போது பைப்பை மூடிவிட்டு, படிப்பவர் வந்ததும் மறுபடி திறக்கலாம்.