டிராவலிங் என்று எழுத ஒரு எல்லா, இரண்டு எல்லா? கடைசி எழுத்து எப்போது இரட்டிக்கும்?

தம்பி, ஒரு எல் போட்டாலும் சரி, இரண்டு போட்டாலும் சரி. இரண்டும் அகராதியில் இருக்கின்றன. ஆனால் கேள்விக்குக் கீழே "நான் தமிழ் மீடியம், ஐஎன்ஜி, ஈடி சேர்க்கும்போது எது இரட்டிக்கும் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. ஏதோ எழுத்துத் தேர்வு வருகிறது, பக்கத்தில் உட்காரப்போகிறவர்கள் எல்லாம் கான்வென்ட் பிள்ளைகள் என்ற பயம் என்று நினைக்கிறேன். அந்த விதியில் பெரும்பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்பீர்கள்:

"தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்."

நன்னூல் சூத்திரம். எங்கள் தமிழய்யா கரும்பலகையில் பல், பால், கடல் என்று மூன்றை மட்டும் எழுதி, எதிரே ‘இல்’ என்று போடுவார். பல்லில், பாலில், கடலில். ‘பல்’லில் ஒரே ஒரு குறில், அதற்குப் பின் ஒற்று, அதனால் ல் இரட்டித்தது. ‘பால்’ நெடில், இரட்டவில்லை. ‘கடல்’ குறில்தான், ஆனால் தனிக்குறில் இல்லை, முன்னால் இன்னொரு எழுத்து நிற்கிறது. அதனால் அதுவும் இரட்டவில்லை.

இப்போது ஆங்கிலத்துக்கு வாருங்கள். ரன், ஸ்விம், பிளான் மூன்றும் ‘பல்’ ஜாதி. ஐஎன்ஜி உயிரெழுத்தில் தொடங்குகிறது, ஆகவே ரன்னிங்குக்கு இரண்டு என், ஸ்விம்மிங்குக்கு இரண்டு எம், பிளானிங்குக்கு இரண்டு என். ரெயின் என்பதில் ஏ, ஐ என்று இரண்டு உயிரெழுத்து சேர்ந்திருக்கிறது, அது ‘பால்’ மாதிரி, ரெயினிங்குக்கு ஒரே என். குக்கிங்கில் ஓசை குறில்தானே என்று கேட்பீர்கள். எழுத்தில் இரண்டு ஓ இருக்கிறது, அது போதும், ஒரே கே. ஓப்பன், ஆஃபர், விசிட் எல்லாம் ‘கடல்’ ஜாதி. ஓப்பனிங்குக்கு ஒரே என், ஆஃபரிங்குக்கு ஒரே ஆர், தமிழில் விசிட்டிங் என்று இரண்டு ட வந்தாலும் ஆங்கிலத்தில் ஒரே டி. ‘உயிர்வரின்’ என்ற நிபந்தனையும் பொருந்துகிறது: ஷிப்பிங்குக்கு இரண்டு பி, ஷிப்மென்டுக்கு ஒன்றுதான், மென்ட் மெய்யில் தொடங்குவதால்.

ஆங்கிலம் தமிழிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. கீழே சண்டைக்கு வருகிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு வாருங்கள். தமிழில் இரட்டுவது காதுக்குக் கேட்கிறது, ஆங்கிலத்தில் அது எழுத்தில் மட்டும்தான். வெள்ளைக்காரர் ரன்னிங்கில் ஒரே ‘ன்’தான் சொல்வார். அங்கே இரட்டை எழுத்து வேறு வேலை செய்கிறது: முன்னால் இருக்கும் உயிர் குறில் என்று காட்டுகிறது. டின்னருக்கு இரண்டு என், டைனிங்குக்கு ஒரே என். 12-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பக்கம் ஓர்ம் என்ற துறவி, பிரசங்கம் படிக்கிறவர்கள் உயிரைத் தப்பாக நீட்டிவிடக் கூடாதென்று குறிலுக்குப் பின் அதே அசையில் வரும் மெய்யை இரட்டித்தே எழுதினார். அவர் கையெழுத்துப் பிரதி இன்றும் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

நன்னூல் கைவிடும் இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பிகின், ரெஃபர் இரண்டும் பார்க்கக் ‘கடல்’ மாதிரி இருந்தாலும் இரட்டிக்கும். காரணம் அழுத்தம். ஓப்பனில் அழுத்தம் முதல் அசையில், பிகினில் கடைசி அசையில். கடைசி அசையில் அழுத்தம் விழுந்தால் அந்த அசையைத் தனிக்குறில் போல நடத்துகிறார்கள். பிகினிங்குக்கு இரண்டு என், ரெஃபரிங்குக்கு இரண்டு ஆர். அழுத்தம் நகர்ந்தால் எழுத்தும் குறையும்: ரெஃபரன்ஸ் என்னும்போது அழுத்தம் முன்னால் போய்விடுகிறது, ஒரே ஆர். தமிழில் அழுத்தத்தை வைத்துச் சொல்லைப் பிரிக்கும் பழக்கம் இல்லாததால் நாம் தடுமாறுவது இங்கேதான். அகராதியின் உச்சரிப்புக் குறிப்பில் அழுத்தம் விழும் அசைக்கு முன்னால், மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும். அதைப் பாருங்கள்.

நான் சென்னையில் காப்பி எடிட்டர். வெளிநாட்டு ஆய்விதழ்களின் கட்டுரைகளைத் திருத்தும் கம்பெனி. சேர்ந்த புதிதில் பயிற்சி கொடுத்தவர் இந்த விதியை ஸ்லைடு ஸ்லைடாக ஓட்டினார். வகுப்பே முழித்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தமிழய்யாவின் கரும்பலகைதான் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் பிறகு எந்த ஸ்லைடும் தேவைப்படவில்லை.

பிறகு ஒருநாள் செல் உயிரியல் கட்டுரை ஒன்று வந்தது, அமெரிக்க ஸ்டைல், அதாவது ஒரு எல். சிக்னலிங் என்ற சொல் பக்கத்துக்குப் பத்து இடத்தில். கட்டுரை முழுக்க ஒரு எல்லாக மாற்றினேன். ரெஃபரன்ஸ் பட்டியலில் மட்டும் ஓரிடத்தில் இரண்டு எல்லை அப்படியே விட்டேன். க்யூசி லீட், அதாவது எங்கள் திருத்தங்களைச் சரிபார்க்கும் மேலாளர், அதைச் சிவப்பில் வட்டம் போட்டு, ஒரே கட்டுரையில் இரண்டு விதம் என்று எரர் போட்டுவிட்டார். எரர் விழுந்தால் அந்த மாத இன்சென்டிவ் குறையும். நேராக அவர் இடத்துக்குப் போனேன்.

"சார், செல்லுலார் சிக்னலிங்னு ஒரு ஜர்னல். அதோட பேர்லயே ரெண்டு எல். பேர நாம மாத்தக் கூடாது. அதுக்கு அடுத்த ரெஃபரன்ஸ் சயின்ஸ் சிக்னலிங், அவங்க ஒரு எல். ரெண்டும் சரிதான்."

இரண்டு இதழ்களின் பக்கத்தையும் திறந்து பார்த்தார். எரரை எடுத்தார். "சரிம்மா, டெக்ஸ்ட்ல ஒரு எல்னு எப்படி அவ்வளவு உறுதியா மாத்தினீங்க? எந்த கான்வென்ட்?" என்றார். கோவில்பட்டி பக்கம் அரசுப் பள்ளி சார், தமிழ் இலக்கணத்தில் படித்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை, ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டச் சொன்னார். எழுதிக் காட்டினேன்.

இந்த வேலையில் எனக்கு உண்மையாகவே வலிக்கிற விஷயம் வேறு. நாங்கள் கேள்வி அனுப்பும் மெயிலில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததுமே, ஆங்கிலம் தாய்மொழியான ஒருவரை வைத்துத் திருத்துங்கள் என்று பதில் போடும் கட்டுரை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர் கட்டுரையில் வினைக்கும் எழுவாய்க்கும் ஒட்டு இருக்காது, நாங்கள்தான் ஒட்ட வைத்திருப்போம். கம்பெனி அவரிடம் ஒரு வார்த்தை எங்களுக்காகப் பேசாது. இப்போது சாஃப்ட்வேர் முதலில் ஒருதரம் திருத்தித் தருகிறது என்று சொல்லி, நாளுக்கு முடிக்க வேண்டிய பக்கங்களை ஏற்றிவிட்டார்கள், பக்கத்துக்கான ரேட் அப்படியே இருக்கிறது. சம்பந்தமில்லாமல் புலம்புகிறேன் என்று சிலருக்குத் தோன்றலாம். இந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் புரியும்.

டிராவலுக்கு வருகிறேன். அழுத்தம் முதல் அசையில், எனவே விதிப்படி ஒரே எல். அமெரிக்கரான நோவா வெப்ஸ்டர் இதைத்தான் வாதாடி 1828-இல் வெளியான தன் அகராதியில் ஒரு எல் போட்டார். அமெரிக்கா அவர் பின்னால் போனது. பிரிட்டன், எல்லில் முடிந்தால் அழுத்தம் பார்க்காமல் இரட்டிப்போம் என்று பழைய வழக்கத்திலேயே நின்றுவிட்டது. இந்தியப் பத்திரிகைகளும் பாடப்புத்தகங்களும் பிரிட்டன் பக்கம். அமெரிக்க வழக்கம் தவறு என்று நம் பள்ளிகளில் மார்க் குறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை, விதியைக் கடைப்பிடிப்பது அவர்கள்தான்.

விதிக்கு அடங்காதவையும் உண்டு. புரோகிராமிங்குக்கு இரண்டு நாட்டிலும் இரண்டு எம். கேன்சல்டுக்கு அமெரிக்காவில் ஒரு எல், ஆனால் கேன்சலேஷனுக்கு அங்கேயும் இரண்டு. டபிள்யூ, எக்ஸ், ஒய் மூன்றும் எங்கேயும் இரட்டாது. இவற்றை அப்படியே நெட்டுருப் போட்டுக்கொள்ளுங்கள்.

தேர்வு அரசுத் தேர்வென்றால் இரண்டு எல் போடுங்கள். அமெரிக்கக் கம்பெனி வைக்கும் தேர்வென்றால் ஒரு எல். எதைப் போட்டாலும் கடைசிப் பக்கம் வரை அதையே போடுங்கள், திருத்துகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.