வாசகர் கேள்வி-பதில்: காயடித்த நாய் ஏன் இன்னும் காலைத் தூக்குகிறது?

எங்கள் ஆண் நாய்க்கு எட்டாம் மாதத்திலேயே கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டோம். இன்னும் காலைத் தூக்கித்தான் சிறுநீர் கழிக்கிறான். ஆபரேஷன் சரியாக நடக்கவில்லையா?
– வாசகி, திருச்சி

அதை வைத்து டாக்டரைச் சந்தேகப்படாதீர்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனுக்கு இரண்டு வேலை. பிறப்பதையொட்டிய நாட்களில் குட்டியின் மூளையை ஆணுக்குரியதாக அமைப்பது ஒன்று; பருவம் வந்ததும் அந்த அமைப்பை இயக்குவது இன்னொன்று. விரையை எடுத்தால் நிற்பது இரண்டாவதுதான். காலைத் தூக்குவது பெரும்பாலும் முதலாவதோடு சேர்ந்தது. பெட்டையைத் தேடி ஊர் சுற்றுவது நன்றாகக் குறையும். பயந்து கடிக்கிற நாய் மட்டும் ஆபரேஷனால் திருந்திவிடாது. ஒன்று கவனியுங்கள்: ஆபரேஷனுக்குப் பிறகும் குழாயில் விந்து மிச்சமிருக்கும், சில வாரங்களுக்குப் பெட்டையோடு விடக்கூடாது.

பிறக்கும்போதே மூளை அமைந்துவிடுகிறது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
– கல்லூரி மாணவர், மதுரை

1959இல் ஃபீனிக்ஸ், கோய், ஜெரால், யங் ஆகிய நால்வர் சினைக் கினிப்பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டார்கள். பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்தபின் பெண் ஹார்மோன் கொடுத்தும் இணைசேர அவ்வளவாக இடம் கொடுக்கவில்லை. ஆண்போல மற்றவற்றின் மேல் ஏறின. வளர்ந்த பெண்ணுக்கு அதே ஊசி போட்டால் இப்படி நிலைத்த மாற்றம் வருவதில்லை.

எலியில் மூளை இப்படி அமையும் காலம் பிறப்புக்குச் சில நாள் முன்பு தொடங்கி, பிறந்து சுமார் 10 நாளில் முடிகிறது. வேடிக்கை என்னவென்றால், அதன் மூளையில் டெஸ்டோஸ்டிரோன் அரோமட்டேஸ் என்ற நொதியால் எஸ்ட்ராடையோலாக மாறிய பிறகே வேலை செய்கிறது. பெண் ஹார்மோன் என்று நாம் சொல்வதேதான்! அப்படியானால் தாயின் எஸ்ட்ராடையோல் பெண் குட்டிகளையும் மாற்றிவிடாதா? குட்டியின் ரத்தத்திலுள்ள ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மனிதரில் அந்தப் புரதம் எஸ்ட்ராடையோலை அப்படிப் பிடிப்பதில்லை. ஆகவே எலி முடிவை அப்படியே நம் குழந்தைகள் மேல் ஏற்றிச் சொல்லும் வாட்ஸ்அப் செய்திகளை நம்பாதீர்கள்.

ரீசஸ் குரங்கு இன்னும் தெளிவு. அதன் சினைக்காலம் ஏறக்குறைய 165 நாள். 40ஆம் நாளையொட்டித் தொடங்கித் தாய்க்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் பெண் குட்டியின் பிறப்புறுப்பு ஆணுடையதுபோல் ஆகிறது. 115ஆம் நாளுக்கு மேல் போட்டால் உறுப்பு பெண்ணாகவே இருக்கிறது. ஆனால் ஆண் குட்டிகளைப்போல் முரட்டுத்தனமாகக் கட்டிப் புரண்டு விளையாடுகிறது. உடலுக்கு ஒரு காலம், நடத்தைக்கு வேறொரு காலம்.

பசு இரட்டைக்கன்று போட்டது: ஒரு காளை, ஒரு கிடேரி. கிடேரியை வளர்க்கலாமா?
– வாசகர், ஈரோடு

சினைக்கு நம்பி வளர்க்காதீர்கள். இத்தகைய கிடேரிகளில் பத்துக்கு ஒன்பது மலடு. இரண்டு கன்றுகளின் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்களும் கருவிலேயே இணைந்து, காளைக்கன்றின் ஹார்மோன்கள் கிடேரியின் சினைப்பை, கருப்பை வளர்ச்சியைக் கெடுத்துவிடுகின்றன. ஒரு மாதத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மழுங்கிய முனையுள்ள குழாயில் மசகு தடவி, கிடேரியின் யோனிக்குள் மெதுவாகச் செலுத்திப் பார்ப்பார். நல்ல கன்றில் சுமார் 12–15 செ.மீ. உள்ளே போகும், மலட்டுக் கன்றில் 5–8 செ.மீ.யிலேயே நின்றுவிடும். சந்தேகமிருந்தால் ரத்தத்தில் குரோமோசோம் பரிசோதனை உண்டு. ஆடுகளில் இது அரிது. கிடாவோடு பிறந்தது என்பதற்காகப் பெட்டைக் குட்டியைக் கழித்துவிட வேண்டாம்.