கட்டணமும் தரமும் – கடிதம்

வணக்கம்.

என் மகள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கட்டண உயர்வை எதிர்க்கும் மாணவர் குழுவில் சேர்ந்து, சாயங்காலமெல்லாம் கையெழுத்து வாங்க அலைகிறாள். கேட்டால், "எல்லாருக்கும் எட்டுகிற கல்வியும் வேணும், தரமும் வேணும்" என்கிறாள். எனக்கு இது முரணாகப் படுகிறது. கட்டணத்தைக் குறைத்தால் தரம் எங்கிருந்து வரும்? படிக்கிற பிள்ளைகள் தலையிட வேண்டிய விஷயமா இது?

எம்.

அன்புள்ள எம்,

பாடம் ஒழுங்காக நடக்கிறதா, ஆய்வகத்தில் கருவி வேலை செய்கிறதா என்பதெல்லாம் தினமும் அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் தலையிடாமல் வேறு யார் தலையிடுவது?

முரண் என்கிறீர்கள். 1918இல் அர்ஜென்டினாவின் கோர்தோபா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கிளர்ந்ததே பெரும்பாலும் தரத்துக்காகத்தான். ஒருமுறை பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தவர் ஆயுசுக்கும் எழுந்திருக்க வேண்டாம் என்ற நிலை. போட்டி வைத்து ஆசிரியரை எடுங்கள், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும் வையுங்கள், நிர்வாகத்தில் எங்களுக்கும் இடம் கொடுங்கள் என்றார்கள். கூடவே, வருகைப்பதிவைக் கட்டாயமாக்காதீர்கள் என்றும் கேட்டார்கள். இதைப் படித்தபோது கட் அடிக்க வழி தேடியிருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது. பகலில் வேலைக்குப் போகிறவன் பட்டம் வாங்க அதுதான் வழி. வகுப்பு காலியாகக் கிடந்தால் ஆசிரியரின் லட்சணமும் தெரிந்துவிடும். ஒரே கோரிக்கையில் உங்கள் மகள் கேட்கிற ரெண்டும் இருக்கிறது. அந்த நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் நீங்கியது 1949இல்தான்.

பணம் எங்கிருந்து வரும் என்பது நியாயமான கேள்வி. வரியிலிருந்து வரலாம். ஜெர்மனியில் 2006 வாக்கில் சில மாநிலங்கள் பருவத்துக்கு 500 யூரோ வரை வசூலிக்கத் தொடங்கின. மாணவர்கள் விடாமல் எதிர்த்தார்கள், ஆட்சிகளும் மாறின. 2014க்குள் எல்லா மாநிலங்களும் அதைக் கைவிட்டன. அதனால் ஜெர்மன் பட்டத்தின் மதிப்பு குறைந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. ஆனால் கட்டணத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தை அரசு நிரப்பாமல் விட்டால் நீங்கள் பயப்படுவதுதான் நடக்கும். அரசு அதை ஈடுகட்ட வேண்டும் என்ற கோரிக்கையும் மகளின் மனுவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் படித்த காலத்தில் நூலகத்தை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மாலை வகுப்புப் பிள்ளைகள் வேலை முடிந்து வந்து சேரவே ஐந்தரை ஆகிவிடும். கோஷம் போட்டோம், மனு கொடுத்தோம், ஒன்றும் அசையவில்லை. எங்களில் அதிகம் பேசாத ஒரு பெண், நாற்பது பக்க நோட்டோடு பூட்டிய கதவருகே படியில் உட்கார ஆரம்பித்தாள். வந்து திரும்பியவர்களின் பெயர், பாடப்பிரிவு, தேடிவந்த புத்தகம் எல்லாவற்றையும் பென்சிலில் எழுதினாள். மூன்றாவது வாரம் அந்த நோட்டை அலுவலக மேஜையில் வைத்தோம். புரட்டிப் பார்த்தவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த பருவத்திலிருந்து எட்டு மணிவரை திறந்திருந்தது.

கையெழுத்து வாங்கப் போகும்போது, கட்டணம் கட்ட முடியாமல் பாதியில் நின்றவர்கள் யார் யார் என்றும் மகளைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.